ஒரு குளிசை ஏறி இறங்கிய படிகள்

எங்கட வட்டத்தில் இருக்கிற ஒரு தோழியின் அம்மாவுக்கு மூன்று வருடமாக இரத்தப் புற்றுநோய். நாள்பட்ட வகை. மாதத்துக்கு ஒருக்கா கிளினிக்குக்குப் போய்க் குளிசை எடுத்துக்கொண்டு வருவா, வந்து பின்னேரம் வழமைபோலப் புட்டு அவிப்பா. ஒருநாள் நாங்கள் நாலு பேர் அங்க போயிருந்தபோது அந்தப் பெட்டி மேசையில் கிடந்தது. இமாற்றினிப். பின்பக்கத்தில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று இருந்தது. "ஏன் எல்லாம் இந்தியாவில இருந்தே வருது?" என்று ஒருத்தர் கேட்டார். "மலிவு" என்று இன்னொருத்தர் சொன்னார். ஏன் மலிவு என்ற கேள்விக்கு ஒருத்தரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை. நாங்கள் எல்லோரும் கலைப்பீடம். வரலாறு, அரசறிவியல், தமிழ். இரசாயனம் ஓ.எல்லோடு முடிந்தது, சட்டம் தொடங்கவே இல்லை. ஆனால் ஒரு தீர்ப்பை வாசிக்கிறது ஒரு பழைய ஆவணத்தை வாசிக்கிறது மாதிரித்தான்: யார் எழுதினார், யாருக்கு எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்த்துக்கொண்டு போகலாம். அப்படித்தான் வாசித்தோம்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எங்கட நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது. இந்தியத் தமிழில் உயர் நீதிமன்றம் மாநில மட்டத்தில் உள்ளது, அதற்கு மேலே இருப்பது உச்ச நீதிமன்றம். இது தெரியாமல் முதல் இரண்டு நாளும் நாங்கள் வழக்கைத் தலைகீழாக வாசித்துக்கொண்டு இருந்தோம். கீழே இந்திய வழக்கு வரும் இடங்களில் இந்தியச் சொல்லையும், எங்கட வழக்கு வரும் இடத்தில் எங்கட சொல்லையும் பாவித்திருக்கிறோம்.

காப்புரிமை வழக்கு என்றவுடன் இரண்டு கம்பனி, ஒரு நீதவான், ஒரு தீர்ப்பு என்றுதான் எங்கட மனதில் இருந்தது. அது பிழை. ஒரே காப்புரிமையைப் பல இடங்களில் எதிர்க்கலாம். காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்க்கலாம், அரை நீதிமன்றம் மாதிரியான ஒரு சபையில் எதிர்க்கலாம், நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், அரசியலமைப்பைக் காட்டிச் சட்டத்தையே எதிர்க்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வாசல், ஒவ்வொரு காலக்கெடு, ஒவ்வொரு விதமான சாட்சி. எந்த வாசலால் போகிறது என்று தெரிந்த சட்டத்தரணிதான் பாதி வழக்கை வெல்லுகிறார். இந்தத் தெரிவு பல்கலைக்கழகத்தில் படிப்பித்து முடிகிற விஷயம் இல்லை, ஏனென்றால் வாசல்கள் மாறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் 2011 இல் ஒரு சட்டம் வந்து 2012 இல் காப்புரிமைகளை மீள விசாரிக்கப் புதிய சபை ஒன்று திறந்தது. ஐரோப்பாவில் 2023 ஜூன் மாதம் பல நாடுகளுக்குப் பொதுவான ஒரு காப்புரிமை நீதிமன்றம் வேலை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இருபது வருடம் வழக்காடினவர்களும் திரும்ப வாங்கில் இருந்து படிக்க வேண்டியதாயிற்று.

மஞ்சள், வேம்பு இரண்டு கதையும் இதை நல்லா விளங்கப்படுத்துகின்றன. பாட்டி வைத்தியத்தைக் களவெடுத்த கதை என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள். நாங்களும் அந்த அளவில்தான் வைத்திருந்தோம். உள்ளுக்குப் போய்ப் பார்த்தால் அது சாட்சியைப் பற்றிய கதை.

1995 இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது: மஞ்சள் தூளைப் போட்டுப் புண்ணை ஆற்றுகிற முறை. இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996 இல் அதை மீள்பரிசோதிக்கச் சொல்லிக் கேட்டது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. வெளிநாட்டில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும், எல்லா வீட்டிலும் செய்யிறவை என்றால் அது கணக்கில் இல்லை. வெளிநாட்டில் இருந்து வருவது அச்சில் இருக்க வேண்டும். ஆகவே கோடிக்கணக்கான அம்மாமாரின் கை அங்கே சாட்சி ஆகாது, ஒரு துண்டுக் காகிதம் ஆகும். பழைய சமஸ்கிருத நூல், உருது, ஹிந்திப் பிரதிகள், 1953 இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரை என்று 32 ஆவணங்களைத் தேடிக் கொடுத்தார்கள். 1997 இல் காப்புரிமை விழுந்தது.

வேம்பு போனது மியூனிக்கில் இருக்கிற ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்துக்கு. வேப்பெண்ணெயால் பயிரில் பூஞ்சணத்தைக் கட்டுப்படுத்துகிற முறைக்கு டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பனியும் அமெரிக்க விவசாயத் திணைக்களமும் 1994 இல் எடுத்த காப்புரிமை. அங்கே வழங்கி ஒன்பது மாதத்துக்குள் எவரும் எதிர்க்கலாம். வந்தனா சிவா, ஐரோப்பியப் பாராளுமன்றப் பசுமைக் கட்சியினரின் சார்பில் மக்டா ஆல்வோட், சர்வதேச இயற்கை விவசாய அமைப்புகளின் கூட்டமைப்பு மூன்று பேரும் சேர்ந்து 1995 இல் எதிர்த்தார்கள். ஐரோப்பியச் சட்டத்தில் உலகத்தின் எந்த மூலையில் பொதுவாகப் பாவித்திருந்தாலும் அது கணக்கு, அச்சு தேவையில்லை. இந்தியாவில் இருந்து ஒரு தொழிற்சாலை முகாமையாளர் நேரே போய், இந்த முறையை நாங்கள் முதலே செய்துகொண்டிருந்தோம் என்று சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை இரத்தானது, மேன்முறையீடு 2005 மார்ச்சில் தள்ளுபடி.

இரண்டு எதிர்ப்பும் ஏறத்தாழ ஒரே காலம். ஒன்றில் காகிதம் வென்றது, மற்றதில் மனிசனின் வாய். சாட்சிகளை மாற்றிக் கொண்டுபோயிருந்தால் மஞ்சள் வழக்கு தோற்றிருக்கவும் கூடும்.

இனிக் குளிசைக்கு வருவோம்.

இந்தியாவில் 1970 இல் ஒரு காப்புரிமைச் சட்டம் நிறைவேறி 1972 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடித்தளம் நீதியரசர் ராஜகோபால ஐயங்கார் 1959 இல் கொடுத்த அறிக்கை. மருந்துக்கும் உணவுக்கும் பொருள் மீதான காப்புரிமை இல்லை, தயாரிக்கிற முறைக்கு மட்டுமே என்று அந்தச் சட்டம் சொன்னது. ஒரே மருந்தை வேறு வழியால் செய்தால் பிழையில்லை. இந்தியா மலிவு மருந்துக்குப் பேர் போனதற்கான காரணங்களில் பெரியது இதுதான். தோழி வீட்டு மேசையில் கிடந்த பெட்டியின் வரலாறும் இங்கதான் தொடங்குது.

1995 இல் உலக வர்த்தக அமைப்பு வந்தது. அதோடு புலமைச் சொத்து உடன்படிக்கையும் வந்தது. மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை கொடுக்க வேண்டும், இந்தியாவுக்கு 2005 ஜனவரி 1 வரை தவணை. அதுவரைக்கும் வருகிற விண்ணப்பங்களை ஒரு பெட்டிக்குள் போட்டு வைக்க வேண்டும், 2005 இல் திறக்க வேண்டும். இதில் நாங்கள் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு நாட்டில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமையே இல்லையென்றால், அதைப் பற்றி வழக்காடிப் பழகிய சட்டத்தரணிகளும் இல்லை, தீர்ப்பு எழுதிப் பழகிய நீதவான்களும் இல்லை. 2005 இல் பெட்டி திறந்தபோது கறுப்புக் கோட்டுப் போட்ட எல்லோரும் முதலாம் வருடம்.

அந்தப் பெட்டிக்குள் 1998 ஜூலை 17 ஆம் திகதி சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் போட்ட விண்ணப்பமும் கிடந்தது.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக. நாள்பட்ட இந்த வகை இரத்தப் புற்றுநோயில் 9 ஆம், 22 ஆம் நிறமூர்த்தங்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அப்படி மாறிப்போன நிறமூர்த்தத்தை முதலில் கண்டது 1960 இல் பிலடெல்பியாவில். அதால் உருவாகிற ஒரு புரதம் வெண்கலங்களைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. இமாற்றினிப் அந்தப் புரதத்தின் வேலையை மறிக்கிறது. 2001 மே மாதம் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. சில வருடத்தில் ஆளைக் கொண்டுபோகிற நோயைத் தினமும் குளிசை போட்டுக்கொண்டு வாழ்கிற நோயாக மாற்றிய மருந்து. இதில் நாங்கள் கம்பனியின் விஞ்ஞானிகளைக் குறைத்துப் பேச மாட்டோம். எங்கட தோழியின் அம்மா இண்டைக்கு உயிரோட இருக்கிறது அவையின்ர வேலையாலயும்தான்.

மூலப் பொருளுக்கு 1993 இல் விண்ணப்பித்து அமெரிக்காவில் 1996 இல் காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவரின் பெயரால் அதைச் சிம்மர்மன் காப்புரிமை என்பார்கள். இந்தியாவில் அதற்கு வழியே இல்லை, காலம் முந்திவிட்டது. சென்னைக்கு வந்தது அடுத்த படி: அதே இமாற்றினிப்பின் மெசிலேற் உப்பு, அதிலும் பீற்றா என்ற பளிங்கு வடிவம். பளிங்கு வடிவம் என்றால், கற்கண்டும் சீனியும் ஒரே பொருள், உருவம் வேறு என்று நினைத்துக்கொள்ளுங்கள். (இரசாயனம் படித்த நண்பர் இந்த உவமை முழுக்கச் சரியில்லை என்று சண்டை பிடித்தார். இருக்கட்டும்.)

பெட்டி திறக்க முதலே சண்டை தொடங்கிவிட்டது. விண்ணப்பம் காத்திருக்கிற காலத்தில் தனித்து விற்கிற உரிமை என்று ஒன்றை இந்தியச் சட்டம் கொடுத்தது. நோவார்ட்டிஸுக்கு அது 2003 நவம்பரில் கிடைத்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளூர்க் கம்பனிகளை நிறுத்தச் சொல்லி இரண்டு உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. சென்னை தடையுத்தரவு கொடுத்தது, பம்பாய் மறுத்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே குளிசை, ஒரே வருடம். எந்த ஊரில் வழக்குப் போடுகிறாய் என்பது ஏன் ஒரு அறிவு என்று எங்களுக்கு முதன்முதலில் உறைத்தது இங்கேதான்.

2005 இல் இந்தியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியபோது, இடதுசாரிகளின் அழுத்தத்தோடு 3(d) என்ற பிரிவு இப்போதைய வடிவத்தில் வந்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம் என்பதற்காக மட்டும் காப்புரிமை இல்லை, முந்தியதைவிடப் பயன்திறன் கூடியிருக்க வேண்டும் என்கிறது அது. பழைய மருந்தின் சின்னச் சின்ன மாற்றத்துக்கு எல்லாம் புதிதாக இருபது வருடம் வாங்குவதை மறிக்கிற வேலி. அதோடு இன்னொரு கதவும் திறந்தது. காப்புரிமை வழங்க முதலே எவரும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம். எவரும் என்றால் எவரும். போட்டிக் கம்பனியாக இருக்க வேண்டியதில்லை, நோயாளியாகவும் இருக்கலாம்.

அந்தக் கதவால் சிப்லா, ரன்பாக்ஸி, நாட்கோ, ஹெட்டரோ என்ற கம்பனிகள் போயின. அவர்களோடு புற்றுநோயாளர் உதவிச் சங்கம் என்ற அமைப்பும் போனது. கம்பனிகள் போனதில் ஆச்சரியம் இல்லை, அவர்களுக்கு வியாபாரம். நோயாளிகளின் சங்கம் ஒன்று பளிங்கு வடிவத்தைப் பற்றி வாதாட வந்ததுதான் விஷயம். பிந்திய காலம் முழுக்க அவர்களுக்காக நின்றவர் ஆனந்த் குரோவர், எயிட்ஸ் நோயாளிகளின் உரிமை வழக்குகளில் வளர்ந்தவர். மனித உரிமைச் சட்டத்தரணி ஒருவர் எக்ஸ்ரே வரைபடங்களை வாசிக்கப் பழகியிருக்கிறார். தொடர்ந்து கற்றல் என்று சான்றிதழோடு கொடுக்கிற எதையும்விட இதுதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது.

2006 ஜனவரி 25 ஆம் திகதி சென்னை அலுவலகத்தின் உதவிக் கட்டுப்பாட்டாளர் விண்ணப்பத்தை நிராகரித்தார். முன்பே சிம்மர்மன் காப்புரிமையில் இருக்கிறது, துறை தெரிந்தவருக்கு இது வெளிப்படையானது, 3(d) யையும் தாண்டவில்லை என்பது சாரம்.

நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. ஒரு பக்கம் அந்த நிராகரிப்புப் பிழை என்று. மறுபக்கம் 3(d) என்ற பிரிவே பிழை என்று. அது தெளிவில்லாதது, அதிகாரிக்குக் கட்டற்ற அதிகாரம் கொடுக்கிறது, ஆகவே சமத்துவத்தைச் சொல்லும் 14 ஆம் உறுப்புரையை மீறுகிறது, உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையையும் மீறுகிறது என்பது வாதம். வழக்கு இரண்டாகப் பிளந்தது. நிராகரிப்புப் பற்றியது 2007 இல் புலமைச் சொத்து மேன்முறையீட்டுச் சபைக்கு அனுப்பப்பட்டது. சட்டத்தைப் பற்றியது உயர் நீதிமன்றத்திலேயே நின்றது. 2007 ஓகஸ்ட் 6 ஆம் திகதி நீதியரசர்கள் பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் இருவரும் அதைத் தள்ளுபடி செய்தார்கள். உடன்படிக்கைக்கு ஏற்றதா இல்லையா என்று பார்க்கிற இடம் நாங்கள் இல்லை, அதற்கென்று உலக வர்த்தக அமைப்பில் ஒரு பிணக்குத் தீர்க்கும் சபை இருக்கிறது என்று சொன்னார்கள். அந்த வாசலால் ஒரு கம்பனி போக முடியாது, ஒரு நாடுதான் போகலாம். சுவிற்சர்லாந்து போகவில்லை.

மேன்முறையீட்டுச் சபையில் நடந்தது கொஞ்சம் பகிடி. அந்தச் சபையில் ஒரு சட்ட உறுப்பினர், ஒரு தொழில்நுட்ப உறுப்பினர் இருப்பார்கள். அப்போது தொழில்நுட்ப உறுப்பினராக இருந்தவர், முந்திக் காப்புரிமைகளின் தலைமைக் கட்டுப்பாட்டாளராக இருந்து, இதே விவகாரத்தில் உயர் நீதிமன்றத்துக்குச் சத்தியக் கடதாசி கொடுத்தவர். தானே பதில் சொன்ன வழக்கைத் தானே விசாரிப்பதா? நோவார்ட்டிஸின் ஆட்சேபம் நியாயமானதுதான். யார் கதிரையில் இருக்கிறது என்ற இந்தக் கிளைச்சண்டை உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. கடைசியில் வேறொரு உறுப்பினர் இருந்து 2009 ஜூன் 26 இல் முடிவு சொன்னார்கள். புதுமை இருக்கிறது, கண்டுபிடிப்புப் படியும் இருக்கிறது, ஆனால் 3(d) யைத் தாண்டவில்லை. விலையும் பேசப்பட்டது. நோவார்ட்டிஸின் மருந்து மாதம் ஒன்றுக்கு 1,20,000 இந்திய ரூபா, உள்ளூர்க் கம்பனிகளுடையது 8,000 முதல் 10,000 வரை. இந்தியாவில் ஏராளமான நோயாளிகளுக்குத் தாங்கள் இலவசமாகவே கொடுக்கிறோம் என்று கம்பனி சொல்லிவந்தது. அப்படி ஒரு திட்டம் இருந்தது உண்மை. ஆனால் இலவசம் என்பது கொடுக்கிறவர் நினைக்கும் வரைக்கும்தானே.

அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றம். இடையில் உயர் நீதிமன்றத்தைத் தாண்டி நேரே போனார்கள். சாதாரணமாக இதைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அனுப்பினால் அங்கே ஒரு சுற்று, பிறகு இங்கே ஒரு சுற்று. விண்ணப்பம் 1998 என்பதால் காப்புரிமை கிடைத்தாலும் 2018 இல் முடிந்துவிடும். ஆகவே தாங்களே கேட்கிறோம் என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

2011 இல் ஒரு சம்பவம். வழக்கைக் கேட்க இருந்த நீதியரசர் ஒருவர் விலகிக்கொண்டார். அவர் நீதிபதிகளுக்கான சர்வதேசப் புலமைச் சொத்து மாநாடுகளில் கலந்துகொண்டிருந்தார். அவற்றை நடத்தியது அமெரிக்காவில் இருக்கிற காப்புரிமை உடைமையாளர்களின் சங்கம், அதில் நோவார்ட்டிஸும் அங்கத்தவர். சுகாதாரச் செயற்பாட்டாளர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். நீதியரசர் பிழை செய்தார் என்று இல்லை, விலகியது கண்ணியம்தான். ஆனால் எங்கட வாசிப்பில் அதிகம் விவாதித்தது இந்த இடத்தைத்தான். புதிய சட்டம், புதிய விஞ்ஞானம், எல்லோரும் படிக்க வேண்டும், சரி. படிப்பிக்கிறது யார்? மண்டபத்துக்குக் காசு கட்டுகிறது யார்? காப்புரிமை வைத்திருக்கிறவன் நடத்துகிற வகுப்பில் எந்தத் தீர்ப்பை நல்ல தீர்ப்பு என்று சொல்லித் தருவான்? நோயாளிகளின் சங்கத்துக்கு நீதிபதிகளை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டு மாநாடு வைக்க ஏலுமா? ஒருத்தர் "இப்பிடிப் பார்த்தா ஆரும் படிப்பிக்கேலாது" என்றார். அவர் சொன்னதிலும் உண்மை உண்டு. அந்தப் பின்னேரம் தேத்தண்ணி ஆறிப்போனதுதான் மிச்சம்.

அதற்கு மறுபக்கத்தில் இன்னொரு ஆள் வருகிறார். ஷம்நாத் பஷீர், சட்டப் பேராசிரியர். 2005 இல், அதாவது பெட்டி திறந்த அதே வருடம், ஸ்பைசி ஐ.பி. என்ற வலைப்பூவைத் தொடங்கியவர். தீர்ப்பு வந்த கையோடு அதை எல்லோருக்கும் விளங்கிற மாதிரி எழுதுவது, பிழை என்றால் பிழை என்று சொல்வது அதன் வேலை. ஒரு தலைமுறைச் சட்டத்தரணிகள் காசு கட்டாமல் படித்த வகுப்பு. இந்த வழக்கில் அவர் இரண்டு கட்சிக்கும் சேராத கல்வியாளராக உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு இடையீடு செய்தார். 2019 இல் காலமாகிவிட்டார்.

2013 ஏப்ரல் 1 ஆம் திகதி நீதியரசர்கள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் இருவரும் தீர்ப்புச் சொன்னார்கள். நூறு பக்கத்துக்கு மேல். முதற்பகுதி கிட்டத்தட்ட ஒரு வரலாற்றுப் புத்தகம்: ஐயங்கார் அறிக்கையில் இருந்து 2005 பாராளுமன்ற விவாதம் வரை போகிறது. வரலாறு படிக்கிறதால என்ன பிரயோசனம் எண்டு வீட்டில கேக்கிற ஆக்களுக்கு அந்தப் பக்கங்களைக் காட்டலாம்.

ஆனால் எங்களைக் கதிரை நுனிக்குக் கொண்டுவந்தது நடுப்பகுதி. மெசிலேற் உப்பு சிம்மர்மன் காப்புரிமைக்குள் அடங்காத புதிய பொருள் என்பது நோவார்ட்டிஸின் வாதம். நீதிமன்றம் அதே நோவார்ட்டிஸ் மற்ற இடங்களில் என்ன சொல்லியிருக்கிறது என்று போய்ப் பார்த்தது. அமெரிக்காவில் காப்புரிமைக் காலத்தை நீட்டிக் கேட்டபோது, விற்பனையில் இருக்கும் கிளிவெக் சிம்மர்மன் காப்புரிமைக்குள் வருகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். 2004 இல் பிரித்தானியாவில் நாட்கோ கம்பனி வீனட் என்ற பெயரில் இதே மெசிலேற்றை விற்றபோது, அது சிம்மர்மன் காப்புரிமையை மீறுகிறது என்று சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே உள்ளுக்குள் இருக்கு, இங்கே வெளியில இருக்கு. நீதிமன்றம் இந்த இரட்டை நாக்கை ஏற்கவில்லை. மெசிலேற் தெரிந்த பொருள்தான் என்று முடிவாயிற்று. 2004 இல் அந்தக் கடிதத்தை எழுதின சட்டத்தரணிக்கு, அது ஒன்பது வருடம் கழித்து டெல்லியில் வாசிக்கப்படும் என்று கனவிலும் தோன்றியிருக்காது.

மீதி இருந்தது பளிங்கு வடிவம். தூள் நன்றாக வழிந்தோடும், வெப்பத்தில் உறுதியாக இருக்கும், ஈரத்தைக் குறைவாக உறிஞ்சும் என்றார்கள். அது களஞ்சியத்துக்கும் தொழிற்சாலைக்கும் நல்லது, நோயாளியின் உடம்புக்குள் என்ன வித்தியாசம் என்பது கேள்வி. மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்றால் குணப்படுத்தும் திறன் என்று நீதிமன்றம் பொருள் கொண்டது. உடம்பில் உறிஞ்சப்படுவது 30 வீதம் கூடுகிறது என்ற தரவும் இருந்தது. ஆனால் அதை ஒப்பிட்டது உப்பாக மாற்றாத இமாற்றினிப்போடு. தெரிந்த பொருளான மெசிலேற்றோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அந்தக் கூடுதலால் நோய் கூடக் குணமாகிறது என்றும் காட்டவில்லை. விண்ணப்பம் விழுந்தது. அமெரிக்கா இதே பீற்றா வடிவத்துக்கு 2005 இல் காப்புரிமை கொடுத்திருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நோவார்ட்டிஸ் ஏறி இறங்கிய அந்த மேன்முறையீட்டுச் சபை இப்போது இல்லை. 2021 இல் இந்திய அரசு அதைக் கலைத்தது. அங்கிருந்த வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போயின, டெல்லியும் பிறகு சென்னையும் புலமைச் சொத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கின. திரும்பவும் எல்லோரும் வாங்கில்.

சரி, எங்கட பக்கம்? இந்த வழக்கு எல்லாவற்றையும் வாசித்த பிறகுதான், எங்கட நாட்டிலேயே இதைவிட முந்தி ஒரு சண்டை நடந்தது எங்களுக்குத் தெரியவந்தது. 2003 இல் புலமைச் சொத்துச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. எங்கட அரசியலமைப்பின்படி சட்டம் நிறைவேறிவிட்டால் பிறகு நீதிமன்றம் தொட முடியாது. சட்டமூலமாக இருக்கும்போதே, அன்றைய விதிப்படி ஒரு கிழமைக்குள், உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டும். ஓடினார்கள். உடன்படிக்கை ஏழை நாடுகளுக்கு விட்டிருக்கும் வழிகள், கட்டாய உரிமம், வேறு நாட்டில் மலிவாக விற்கும் அதே மருந்தை இறக்குமதி செய்வது போன்றவை, சட்டமூலத்தில் இல்லை. பணக்கார நாட்டையும் எங்களையும் ஒரே தராசில் வைப்பது சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவது, ஆகவே 12(1) ஆம் உறுப்புரைக்கு முரண் என்று வாதம். உயர் நீதிமன்றம் ஏற்றது. திருத்தங்களோடு 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டமாக அது நிறைவேறியது.

இதைச் சென்னையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கட 12(1) உம் அவர்களுடைய 14 உம் ஒரே சமத்துவ உறுப்புரைதான். சென்னையில் ஒரு கம்பனி அதைக் காட்டி மலிவு மருந்தின் வேலியைப் பிடுங்கப் பார்த்தது. கொழும்பில் அதே சமத்துவத்தைக் காட்டி வேலி போட்டார்கள். கொழும்பு நாலு வருடம் முந்தியது. ஆனால் கிளிவெக்கைப் பற்றி உலகம் முழுக்க எழுதியிருக்கு, இதைப் பற்றித் தமிழில் தேடினால் எங்களுக்கு ஒண்டும் அகப்படேல்ல.

அதற்கும் முந்திப் போனால் சேனக பிபிலே. 1971 இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தைத் தொடக்கி, வர்த்தகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரால் வாங்கு என்று சொன்ன மனிசன். 1977 இல் கயானாவில் இறந்தார். தோழி வீட்டுப் பெட்டியில் இமாற்றினிப் என்ற பெயர் பெரிதாக இருந்ததை நாங்கள் அப்போது கவனிக்கவில்லை.

போன மாதம் திரும்ப அந்த வீட்டுக்குப் போனோம். கண்டுபிடித்ததை எல்லாம் அம்மாவுக்குச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இனி இந்தக் குளிசையை ஆரும் நிப்பாட்டேலாதோ?" என்று கேட்டா. காப்புரிமையைக் காட்டி ஏலாது என்று சொன்னோம். "இது வேலை செய்யாமப் போனா வேற குளிசை தருவம் எண்டு டொக்டர் சொன்னவர். அது?" நிலோற்றினிப், டசற்றினிப் என்று அடுத்த வரிசை மருந்துகள் இருக்கின்றன, அவற்றுக்கு வேறு வேறு காப்புரிமைகள், வேறு வழக்குகள், நாங்கள் இன்னும் வாசிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டோம். அவ பேனையை எடுத்து, பெயரைத் திரும்பச் சொல்லச் சொல்லி, கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டையும் எழுதி வைத்தா.